பிளஸ் டூ: இன்னும் உறுத்துற அந்த ஒரு சம்பவம்

திண்டுக்கல் 96

பிளஸ் டூன்னு பேச்செடுத்தாலே எல்லாரும் கடைசி நாள் இங்க் தெளிச்சதையும் ஆட்டோகிராப் நோட்டையும் சொல்லிட்டுப் போயிடுறாங்க. அது வேண்டாம். இத்தனை வருஷம் ஆகியும் உறுத்துற ஒண்ணு இருந்தா அதை மட்டும் எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

அரசுப் பள்ளி, ஃபர்ஸ்ட் குரூப், கெமிஸ்ட்ரி பிராக்டிகல். டைட்ரேஷன் முடிஞ்சு, கொடுத்த உப்பு என்னன்னு கண்டுபிடிக்கிறது மட்டும் பாக்கி. மார்க் போட வெளிய இருந்து வந்த எக்ஸ்டெர்னல் ஹெச்.எம். ரூமுக்குச் சாப்பிடப் போயிட்டார். அந்த நேரத்துலதான் லேப் அட்டெண்டர் அண்ணே ஒரு ரவுண்டு வருவார். எதுக்குன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்த பசங்ககிட்ட முன்னாடியே ஆளுக்கு இருபது ரூபா வாங்கியிருந்தார். என்கிட்ட வாங்கல, அப்பாவுக்குத் தெரிஞ்சவர். என் டேபிள் பக்கம் குழாயை மூடுற சாக்குல வந்து "ஜிங்க்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டு நகர்ந்துட்டார்.

நான் அப்பத்தான் சாம்பல் சோதனைக்கு ஃபில்டர் பேப்பரைக் கொளுத்தியிருந்தேன். பீங்கான் கிண்ணத்துல விழுந்த சாம்பலைப் பார்த்தா நீலம். ஜிங்க்னா பச்சைல்ல வரணும்? நீலம்னா அலுமினியம். கிண்ணத்தை ஜன்னலோரம் கொண்டு போனேன், நீலம். டியூப்லைட்டுக்குக் கீழ கொண்டு வந்தேன், ஓரத்துல கொஞ்சம் பச்சை தட்டுது. எக்ஸ்டெர்னல் ஏப்பம் விட்டுக்கிட்டே படியேறி வர்ற சத்தம்.

அலுமினியம்னு எழுதிட்டேன். 50க்கு 48 வந்துச்சு. உப்பு தப்புன்னா 48 போட மாட்டாங்க. சரின்னா எங்க ஸ்கூல்ல யாருக்கும் 50 குறைஞ்சதில்ல. அந்த ரெண்டு மார்க் எதுல போச்சு? அண்ணே எனக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னார்? கேக்கலாம்னு போறதுக்குள்ள ரிடையர் ஆகி ஊரை விட்டே போயிட்டார்.

கெமிஸ்ட்ரி டீச்சர்

தம்பி, குறுக்கே வர்றேன், மன்னிச்சுக்கோங்க. சாம்பலை மட்டும் வச்சு முடிவு பண்ணவே கூடாது. ஃபில்டர் பேப்பர்ல விடுற கோபால்ட் நைட்ரேட் ரெண்டு சொட்டுக்கு மேல போயிட்டா கறுப்பா ஆக்சைடு நின்னு உண்மையான கலரை மறைச்சிடும். அந்தக் கறுப்புக்குள்ள பச்சையும் நீலமும் ஆளுக்கு ஒரு மாதிரி தெரியும். பசங்க ஊத்துற ஊத்து எனக்குத் தெரியாதா. நீங்க முதல்ல உப்புச் சோதனையில மூணாம் குரூப் பார்த்திருக்கணும். அமோனியம் குளோரைடு சேர்த்து அப்புறம் அமோனியம் ஹைட்ராக்சைடு விட்டா, அலுமினியம்னா ஜவ்வரிசிக் கஞ்சி போல வெள்ளை வீழ்படிவு வரும். ஜிங்க்னா அங்க ஒண்ணும் வராது, நாலாம் குரூப்ல ஹைட்ரஜன் சல்ஃபைடு செலுத்தும்போதுதான் வெள்ளை வரும். சோடியம் ஹைட்ராக்சைடை நம்பக் கூடாது, ரெண்டுமே அதிகப்படியில கரைஞ்சிடும். அமோனியாவுலதான் வித்தியாசம்: ஜிங்க் ஹைட்ராக்சைடு அதிக அமோனியாவுல கரையும், அலுமினியம் கரையாது. இவ்வளவையும் ரெக்கார்டு நோட்டுல வரிசையா எழுதி வாங்குறோம், ஆனா எக்ஸாம்ல எல்லாரும் நேரா தீக்குச்சியைத்தான் தேடுறாங்க. இப்ப படிக்கிற பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா, குரூப் வரிசையை விட்டுத் தாண்டாதீங்க.

என் சொந்த அனுபவம் சின்னதுதான். நான் பிளஸ் டூ படிச்சப்ப எக்ஸ்டெர்னல் என் ரெக்கார்டைத் திறந்ததும் உள்ளே இருந்து ஒரு கரப்பான் ஓடிச்சு. அவர் மேல ஏறிச்சு. 50 போட்டார்.

திண்டுக்கல் 96

மேடம், மூணாம் குரூப் பார்த்தேன். வீழ்படிவு வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. நாலாம் குரூப்புக்குப் போகலாம்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு தயாரிக்கிற கிப்ஸ் அபாரட்டஸ்ல கேஸ் காலி. மொத்த கேஸையும் முதல் பேட்ச் பசங்க தீர்த்துட்டாய்ங்க, அழுகின முட்டை வாடை மட்டும்தான் மிச்சம்.

முதல் செட்

உங்களுக்கெல்லாம் கேஸ் தீர்ந்ததுதான் குறை. எங்களுக்கு லேபே கிடையாது. 1978ல காலேஜ்ல இருந்த பி.யு.சி.யை எடுத்துட்டுப் பள்ளிக்கூடத்துலயே பிளஸ் ஒன், பிளஸ் டூன்னு கொண்டு வந்தாங்க. நாங்கதான் முதல் செட், 1980ல பரீட்சை எழுதினோம். பள்ளிக்கூட வாசல்ல 'உயர்நிலை'ங்கிறதை அழிச்சு 'மேல்நிலை'ன்னு எழுதினாங்க, அவ்வளவுதான் மாற்றம். பிராக்டிகலுக்குப் பக்கத்து டவுனுக்கு பஸ்ல கூட்டிட்டுப் போவாங்க. பிப்பெட்டை வாயில வச்சு உறிஞ்சி முதல் தடவையே ஒரு வாய் குடிச்சேன். ஃபெரஸ் சல்ஃபேட், இரும்புத் துரு ருசி.

உறுத்துறது அதில்ல. பிசிக்ஸ் எடுத்த சார் அதுவரை ஒன்பதாவது, பத்தாவதுக்கு எடுத்துக்கிட்டு இருந்தவர். திடீர்னு பிளஸ் டூ எடுக்கச் சொல்லிட்டாங்க. ஒரு நாள் நான் எழுந்து நின்னு மின்காந்தத் தூண்டல்ல ஒரு சந்தேகம் கேட்டேன். புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இந்தப் பக்கத்தை நானே இன்னிக்கு ராத்திரிதான் படிக்கணும். நாளைக்குச் சொல்றேன்"னார். வகுப்பு மொத்தமும் சிரிச்சது. மறுநாள் வந்து சொன்னார், அதுவும் ரொம்பத் தெளிவா. ஆனா அதுக்கப்புறம் வருஷம் முழுக்க யாருமே அவர்கிட்ட சந்தேகம் கேக்கல. மரியாதையா, பாவம்னு விட்டுட்டோமா, இன்னும் எனக்குப் பிடிபடல.

மூணாவது குரூப்

டெல்டா பக்கம், பெண்கள் பள்ளி, காமர்ஸ் குரூப். 2003-04ல பிளஸ் டூன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஜூலை 2 ஸ்ட்ரைக், அப்புறம் ஸ்ட்ரைக்கைத் தடுக்கிற டெஸ்மா சட்டம். அரசு ஊழியர், ஆசிரியர்னு லட்சத்துக்கும் மேல ஒரே வீச்சுல டிஸ்மிஸ். எங்க அக்கவுண்டன்சி சாரும் அதுல போயிட்டார்.

பார்ட்னர்ஷிப் பாடம் பாதியில நின்னுச்சு. புது பார்ட்னர் சேர்ற கணக்கு, எனக்கு பேலன்ஸ் ஷீட் ரெண்டு பக்கமும் டேலி ஆகவே இல்ல. ஸ்கூலுக்கு எதிர்த்தாப்புல டீக்கடை. சார் அங்க வந்து உக்காந்திருப்பார், ஆனா ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வர மாட்டார். ஒரு நாள் மத்தியானம் நோட்டை எடுத்துக்கிட்டு நானே போயிட்டேன். சார் முதல்ல கேட்டைப் பார்த்தார். அப்புறம் என் பேனாவை வாங்கி, "நற்பெயரை, அதான் குட்வில்லை, புது ஆளுக்கு ஏம்மா வரவு வைக்கிற? அது பழைய பார்ட்னர்ஸ் சம்பாதிச்சது, அவங்க முதல் கணக்குலதான் வரவு"ன்னு அடிச்சுத் திருத்தினார். உடனே நோட்டை மூடிக் கையில கொடுத்து, "போம்மா, யாராச்சும் பார்த்தா உனக்குத்தான் தொந்தரவு"ன்னார். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுறதை நிறுத்திட்டு எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே நின்னார்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டு சார் திரும்பச் சேர்ந்தார். முதல் நாள் வகுப்புல சாக்பீஸை எடுத்துக்கிட்டு "எங்க விட்டோம்?"னு கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கல. நான்தான் "நற்பெயர் சார்"னேன். போர்டு பக்கம் திரும்பினவர் தேதியை எழுதுறதுக்கே ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டார்.

முதல் செட்

நல்லா எழுதியிருக்கேம்மா. ஆனாலும் பிளஸ் டூ பிள்ளைங்களை நட்டாத்துல விட்டுட்டு ஸ்ட்ரைக் போனதும் சரியில்லதானே? நாங்க ஒரு நாள் வகுப்பு நடக்கலைன்னா பதறுவோம்.

மூணாவது குரூப்

ஐயா, அவர் எங்களை விட்டாருன்னு நான் எங்க எழுதினேன்? வேலை போன ஆளு தினமும் கேட்டுக்கு எதிர்ல வந்து ஏன் உக்காந்திருக்கணும்? டீ அந்த ஊர்ல வேற எங்கயும் கிடைக்கும்.

ஈரோடு கட்-ஆஃப்

நாங்க 2007 செட்டுங்க. இன்ஜினியரிங் சீட்டுக்கு என்ட்ரன்ஸ் இருக்குதா இல்லையான்னே தெரியாம ஒரு வருசம் படிச்சோம். அதுக்கு முன்னாடி ரெண்டு வருசமும் ரத்துன்னு சொல்லி, அது கோர்ட்டுல நிக்கலை. அதனால எங்கப்பா நம்பலை. மஞ்ச வித்த காசைக் கொண்டு போயி கோச்சிங் சென்டர்ல கட்டிட்டாரு.

எனக்கு போர்டு எக்ஸாம் வராதுங்க, மனப்பாடம் ஏறாது. சரியான விடையை டிக் பண்ணச் சொன்னா பண்ணிருவேன். 2007 மார்ச் முதல் வாரம், பப்ளிக் எக்ஸாம் நேரம், என்ட்ரன்ஸை ரத்து பண்ற சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் வந்துருச்சுன்னு பேப்பர்ல போட்டுருந்தாங்க. ஹாலுக்கு வெளிய வேப்பமரத்தடியில எல்லாப் பசங்களும் துள்ளிக் குதிக்கிறாங்க. நான் மட்டும் கையில லாக் புக்கை வெச்சுட்டு நிக்கிறேன். பக்கத்துல ஒரு பையன் தோள்ல தட்டி "ஏன்டா, உனக்கு சந்தோசமில்லையா?"ன்னான். இருக்குதுன்னு சொன்னேன்.

கட்-ஆஃப் 300க்குன்னு இருந்தது, என்ட்ரன்ஸ் போனதும் 200க்குன்னு ஆச்சு. என்ட்ரன்ஸ் எடுத்தது கிராமத்துப் பசங்களுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் இல்லைங்கலை. ஆனா நானும் கிராமத்துப் பையன்தானுங்க. கோச்சிங் சென்டர்ல பணம் திருப்பித் தரலை, அதுக்குப் பதிலா ஒரு கட்டு மாடல் கொஸ்டின் பேப்பர் கொடுத்தாங்க. அப்பா அதை ரொம்ப நாள் எடைக்குப் போட விடலை.

கவுன்சிலிங் மாமா

எனக்கும் என்ட்ரன்ஸ் காலம்தான், ஃபீஸுக்கு டி.டி. (டிமாண்ட் டிராஃப்ட்) எடுக்க பேங்க்ல நின்ன கியூதான் ஞாபகம், வேற ஒண்ணும் பெரிசா இல்ல. ஆனா இங்க வர்றவங்க வீட்டுல இப்ப பிளஸ் டூ பிள்ளைங்க இருக்கலாம், அதனால சொல்லி வைக்கிறேன்.

பொறியியலுக்குக் கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200க்குத்தான் கட்-ஆஃப். மொத்த மார்க்கைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். கவுன்சிலிங் 2018ல இருந்து ஆன்லைன். சாய்ஸ் போடும்போது பத்து காலேஜோட நிறுத்திடுறாங்க, அது வேண்டாம். எத்தனை வேணாலும் போடலாம், உங்களுக்கு நிஜமா எது முதல்ல வேணுமோ அதை முதல்ல போடுங்க. 'நம்ம மார்க்குக்கு இது கிடைக்காது'ன்னு நீங்களே அடிச்சு விடாதீங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, மருத்துவத்துக்கு 2020லயும் பொறியியலுக்கு 2021லயும் வந்தது. அதுக்கு ஒவ்வொரு பள்ளியிலயும் படிச்சதுக்கான சான்று வேணும். நடுவுல ஸ்கூல் மாறின பிள்ளைங்க கடைசி நேரத்துல பழைய ஸ்கூலுக்கு ஓடுறாங்க, அங்க ஹெச்.எம். லீவு. பிளஸ் டூ ஆரம்பத்துலயே வாங்கி வைங்க. வீட்டுல இதுக்கு முன்னாடி யாரும் டிகிரி முடிக்கலைன்னா முதல் பட்டதாரி சான்றிதழ், இ-சேவையில விண்ணப்பிக்கணும். அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், காலேஜ் சேர்ந்தா மாசம் 1000 ரூபாய். இதுக்கெல்லாம் ஆதார்ல ஒரு இனிஷியல், மார்க் ஷீட்ல ஒரு இனிஷியல்னு இருந்தா அலைச்சல்தான். இப்பவே எடுத்துப் பாருங்க. போட்டோவும் கையில...

திண்டுக்கல் 96

மாமா, இங்க யாருக்கும் இப்ப சீட் வேண்டாம். உங்களுக்கு உறுத்துறது எதுவும் இல்லையா?

கவுன்சிலிங் மாமா

டி.டி. எடுத்தேன்னு சொன்னேனே, தப்பான பேர்ல கொடுத்துட்டாங்க பேங்க்ல. அதனாலதான் இனிஷியலைப் பாருங்கன்னு சொல்றேன்.

பெட்ரோல் பங்க் பெஞ்ச்

2012-13, தூத்துக்குடி மாவட்டம். அந்த வருஷக் கரண்ட் கட்டைப் பத்தி சென்னைக்காரங்களுக்குச் சொன்னாப் புரியாது, அவங்களுக்கு நாளைக்கு ரெண்டு மணி நேரம். எங்களுக்கு வந்த நேரத்தை எண்ணுறதுதான் சுலபம். வருஷத்துக்கு முன்னாடி கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப் வீட்டுல இருக்கு, சார்ஜ் ஏத்தக் கரண்ட் இல்ல.

மெயின் ரோட்டுல பெட்ரோல் பங்க்ல ஜெனரேட்டர் ஓடும். நாங்க நாலஞ்சு பேர் காம்பவுண்ட் சுவர்ல சாய்ஞ்சு நின்னு படிப்போம். பங்க் அண்ணாச்சி முதல் நாள் விரட்டி விட்டுட்டார். "ஏல, வண்டி வந்து போற இடம், எவனாவது இடிச்சுட்டுப் போனா நான்லா பதில் சொல்லணும்"னார். மறுநாள் போனா, காத்து அடிக்கிற இடத்துக்குப் பின்னாடி ஒரு பெஞ்ச் கிடக்கு. மேல ஒரு டியூப்லைட். அவர் ஒண்ணும் சொல்லல, நாங்களும் கேக்கல.

பிசிக்ஸ் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி ஜெனரேட்டர் நின்னுபோச்சு. டீசல் இல்ல. பெட்ரோல் பங்க்ல டீசல் இல்லன்னா சிரிப்பீங்க, லோடு வரல அன்னைக்கு. அண்ணாச்சி தன்னோட டி.வி.எஸ் ஃபிப்டியை ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் பண்ணி ஹெட்லைட்டை எங்க பக்கம் திருப்பி வச்சார். ஆக்சிலேட்டரை முறுக்கினாத்தான் வெளிச்சம் ஏறும். அந்த மனுஷன் முறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னார். எனக்கு ஒரு வரி மண்டையில ஏறல. படிக்கிற மாதிரி பக்கத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தேன்.

கெமிஸ்ட்ரி டீச்சர்

பெட்ரோல் பங்க்ல வண்டியை ஸ்டார்ட்ல வச்சா? கேக்கவே திக்குங்குது. ஆவி எவ்வளவு சீக்கிரம் பத்தும் தெரியுமா? அந்த அண்ணாச்சி நல்லவர்தான், அதுக்காக இதைப் பாராட்டிட முடியாது.

பெட்ரோல் பங்க் பெஞ்ச்

டீச்சர், பங்க்குக்கு வெளிய ரோட்டோரம். எழுதும்போது விட்டுப்போச்சு.

செகண்ட் குரூப் அக்கா

என்னோடது சின்னதுதான். பயாலஜி எக்ஸாம். பெஞ்ச்ல சாக்பீஸால நம்பர் எழுதியிருப்பாங்க இல்ல, எனக்கு முன்னாடி நம்பர் எங்க கிளாஸ் ஃபர்ஸ்ட். ஆறு எக்ஸாம்ல அஞ்சு எழுதிட்டா. பயாலஜி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு, இதயப் படம் கண்ணை மூடிக்கிட்டு வரைவா. வரல. கொஸ்டின் பேப்பர் கொடுத்து அரை மணி நேரம் கழிச்சு சூப்பர்வைசர் சிவப்பு மையால ஆப்சென்ட் போட்டார். எங்க ஸ்கூல் மிஸ் ஒருத்தங்க ஹால் வாசல் வரைக்கும் வந்து அந்த பெஞ்சைப் பார்த்துட்டுப் போனாங்க. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம், அதனால அன்னைக்கே முகூர்த்தம். இதை எழுத முடியாம பல தடவை அழிச்சிருக்கேன், இதுக்கு மேல கேக்காதீங்க.

ஆல் பாஸ் 2021

எல்லாரும் கடைசி நாள், ஹால் டிக்கெட், எக்ஸாம் ஹால்னு சொல்றீங்க. எங்களுக்கு அது எதுவுமே இல்ல. ஜூன் மாசம் டி.வி.யில எக்ஸாம் ரத்துன்னு ஃப்ளாஷ் ஓடுச்சு, அதோட பிளஸ் டூ முடிஞ்சுது. பத்தாவது மார்க்ல இருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்ல இருந்து 20, பிளஸ் டூ பிராக்டிகல், இன்டர்னல்ல இருந்து 30.

பத்தாவது படிக்கும்போது அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நான் பாதி நாள் ஸ்கூலுக்கே போகல. அதைச் சரிக்கட்டணும்னுதான் பிளஸ் டூல ராவும் பகலும் படிச்சேன், ஒரே ஒரு செல்போனை நானும் தம்பியும் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு. ரிசல்ட் ஜூலையில வந்தப்ப மொட்டை மாடியில நின்னுதான் பார்த்தேன், அங்கதான் சிக்னல். என் பத்தாவது மார்க் அப்படியே திரும்பி வந்து நின்னுச்சு.

கீழ இறங்கினா பக்கத்து வீட்டு மாமா, "என்னம்மா, எழுதாமலே பாஸா? குடுத்து வச்ச செட்டு"ன்னு சிரிக்கிறார். இன்டர்வியூல ஒருத்தர் மார்க் ஷீட்ல வருஷத்தைப் பார்த்துட்டு "ஓ, கொரோனா பேட்ச்"னார். அந்த "ஓ"தான் போகவே மாட்டேங்குது.

முதல் செட்

கோவிச்சுக்காதேம்மா, எழுதாமப் போனதுல ஒரு நிம்மதியும் இருந்திருக்கும்ல? எங்க காலத்துல 1200க்கு 700 வாங்கினவனை ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு. இப்ப 600க்கு 590ங்கிறாங்க.

ஆல் பாஸ் 2021

தாத்தா, உங்க பிசிக்ஸ் சார் நாளைக்குச் சொல்றேன்னாராவது. எங்க சாருக்கு நெட் கட்டாகி "ஹலோ, கேக்குதா, கேக்குதா"ங்கிறதுலயே பீரியடு முடிஞ்சிரும். நிம்மதியா இருந்துச்சான்னு கேக்கிறீங்களே, எனக்கு எழுதணும்னு இருந்துச்சு.

முதல் செட்

சரிம்மா. அப்படி நான் யோசிக்கல.

மாலைப் பேப்பர்

ரிசல்ட்னு வந்ததால சொல்றேன். 1988, ராமநாதபுரம் பக்கம். மாலைப் பேப்பர்ல பாஸானவங்க நம்பர் மட்டும் பொடி எழுத்துல வரும், நம்பர் இல்லைன்னா ஃபெயில். பஸ்ல இருந்து கட்டைத் தூக்கிப் போட்டதும் கடைக்காரர் கயித்தை அறுக்கக்கூட விடாம நூறு கை. நானும் என் கூட்டாளியும் பாதிப் பாதிக் காசு போட்டு ஒண்ணு வாங்கினோம். எங்க நம்பர் ரெண்டும் ஒண்ணு விட்டு ஒண்ணு, கடைசி எழுத்து எனக்கு 6, அவனுக்கு 8. பேப்பரை விரிச்சா எங்க வரிசை சரியா மடிப்புல விழுந்திருக்கு. மை இழுகிப்போய் ஒரே ஒரு நம்பர்தான் தெரியுது. 6ன்னு பார்த்தா 6, 8ன்னு பார்த்தா 8. ரெண்டு தலையும் பேப்பர் மேல முட்டிக்கிட்டு நிக்குது. அவன்தான் முதல்ல நிமிர்ந்தான். "உன்னோடதுதான்டா"ன்னு சொல்லிட்டுப் பேப்பரை என் கையிலயே விட்டுட்டு நடந்துட்டான்.

ஸ்கூலுக்கு மார்க் லிஸ்ட் வந்தப்ப ரெண்டு பேருமே பாஸ். அச்சுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு. எந்த நம்பர் விட்டுப்போச்சுன்னு ரெண்டு பேரும் திரும்ப எடுத்துப் பார்க்கல. அதுக்கப்புறம் அவன் என்கூடப் பழைய மாதிரி பேசினதும் இல்ல, நான் ஒண்ணுமே செய்யல.

முதல் செட்

தம்பி, அவசரத்துல அச்சடிக்கிற முதல் பதிப்புல அப்படி விட்டுப்போறது உண்டு. அடுத்த பதிப்புல சரி பண்ணியிருப்பான். அதை வாங்கிப் பார்த்திருக்கலாமே?

மாலைப் பேப்பர்

அடுத்த பதிப்பா? எங்க ஊருக்கு அந்த ஒரு கட்டே கடைசி பஸ்லதான் ஐயா வரும்.